பீரோவைத் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களிடம் வாசிப்பு அருகிவிட்டது என்று வருந்தி எழுதியிருந்த தலையங்கத்தைப் படித்தேன். வருத்தம் நியாயம்தான். ஆனால் பழியைப் பிள்ளைகள் தலையில் மட்டும் போட்டுவிட்டீர்கள். கல்லூரி நூலகத்தில் என்ன இருக்கிறது என்பதே அவர்கள் கண்ணில் படாதபோது எதைப் படிப்பார்கள்?

நான் படித்த கல்லூரிக்கு அண்மையில் ஒரு பழைய நூலைத் தேடிப் போயிருந்தேன். வாசிப்புக்கூடத்தில் உட்கார இடமில்லை. அத்தனை பேரும் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காக வீட்டிலிருந்து கொண்டுவந்த கைடுகளில் மூழ்கியிருந்தார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். வேலை கிடைக்க வேண்டுமே. அவர்கள் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாக இரும்பு பீரோக்கள், ஒவ்வொன்றிலும் பூட்டு. முழுநேர நூலகர் இல்லை. வணிகவியல் பேராசிரியர் ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார்; சாவிக்கொத்து அவரிடம். வகுப்பு முடிந்து அவர் வந்து திறந்தபோது முதலில் வெளியே வந்தவை ராமபாணப் பூச்சிகள்.

உள்ளே இருந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். பெரியசாமித் தூரன் பதிப்பித்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி இருந்தது. கீழ்த்தட்டில், தமிழ்வழியில் பட்டப்படிப்புப் படிப்பவர்களுக்காக 1960-களிலும் 70-களிலும் அரசே எழுதச்செய்து வெளியிட்ட வரலாறு, பொருளாதாரம், உளவியல் நூல்கள். ஒன்றை எடுத்துப் பின்னட்டையைத் திறந்தேன். தேதி குத்தும் சீட்டில் கடைசி முத்திரை 1994. அருகில் நின்ற வரலாற்றுத் துறை மாணவி அதை வாங்கிப் புரட்டிவிட்டு, "இது இங்கேயா சார் இருக்கிறது? இதைத்தான் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலிருந்து இறக்கிக் கைப்பேசியில் கண் வலிக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார். வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றும் கேட்டார். ரெஃபரன்ஸ் நூல், வெளியே தர இயலாது என்ற பதிலோடு பீரோ பூட்டப்பட்டது.

அந்தப் பேராசிரியரைத் திட்ட மனம் வரவில்லை. பூட்டுக்குக் காரணம் அச்சம். இருப்புச் சரிபார்ப்பில் நான்கு நூல் குறைந்தால் தணிக்கைக் குறிப்பு வரும், ஓய்வுபெறும் நாளில் அது தலையில் விடியும் என்று பயப்படுகிறார். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215-ஆம் விதி இந்த அச்சத்துக்கு மருந்து வைத்திருக்கிறது. ஓராண்டில் வாசகர் கைக்குப் போன ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் தொலைந்தால் அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். நேர்மைக் குறைவோ அலட்சியமோ இருக்கக் கூடாது, ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும் தனிச்சிறப்புள்ள நூலும் காணாமல் போனால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். இந்தக் கணக்கின் நுட்பத்தைப் பாருங்கள்: எவ்வளவு நூல் வெளியே போகிறதோ அவ்வளவுக்கு இழப்புக்கும் இடம் உண்டு. நம் ஊர் நடைமுறையிலோ ஒரு நூலும் வெளியே போகாத நூலகம்தான் பத்திரமான நூலகம். பூச்சி தின்றதை மட்டும் யாரும் இழப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இத்தனைக்கும் இந்தியாவுக்கே நூலகம் நடத்தக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வந்த புதிதில் வெறிச்சோடிய நூலகத்தில் இருப்புக்கொள்ளாமல் மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிடப் பார்த்தார். பிறகு லண்டன் போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்துத் திரும்பியவர், தட்டுகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். இன்று ஆகஸ்ட் 12 வந்தால் ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுகிறோம். மாலை போடுவது பெரும்பாலும் பூட்டிய பீரோவுக்கு முன்னால்தான்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் மட்டும் நூலகத்துக்குக் களை வந்துவிடும். நாள்தோறும் எத்தனை பேர் நூலகத்தைப் பயன்படுத்தினார்கள் என்று காட்ட வேண்டுமே! வாசலில் கையெழுத்துப் பதிவேடு கொழுக்கும், நூல் வழங்கும் பதிவேடு இளைத்தபடியே கிடக்கும்.

புதிய கட்டடம் கேட்கவில்லை. பாடத்தோடு ஒட்டிய ஒரு பீரோவிலுள்ள நூல்களை எடுத்துத் தூசி தட்டி, வாசிப்புக்கூடத்தின் நடுவே திறந்த தட்டில் அடுக்கிப் பாருங்கள். மாணவர்கள் திருப்பித் தரும் நூல்களை உடனே உள்ளே கொண்டுபோகாமல் இரண்டு நாள் வாசலோர மேசையில் வையுங்கள்; தன் வயதுக்காரர் படித்த நூலை இன்னொருவர் எடுத்துப் பார்ப்பது இயல்பு. அசைன்மென்ட் தரும் ஆசிரியர் அந்தத் தட்டிலிருந்து ஒரு நூலையாவது குறிப்பிட்டுத் தரலாம். கடைசி வகுப்பு முடிந்ததும் பஸ் பிடிக்க ஓடும் பிள்ளைகளுக்காக மதிய உணவு இடைவேளையில் நூல் வழங்கலாம்; அந்த நேரத்தில்தான் பல இடங்களில் நூலகத்தைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். உண்மையிலேயே அரிய பதிப்புகள் பூட்டுக்குள்ளேயே இருக்கட்டும், மின்னுருவாக்கும் வரை. ஆனால் எல்லாப் பழைய நூலும் அரிய நூல் ஆகிவிடாது.

சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இதே இளைஞர்கள்தான் தட்டுத் தட்டாகத் தேடி எடுத்துப் படிக்கிறார்கள்.

கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கு ஒரு கோரிக்கை. நியாயமான அளவு நூல் இழப்புக்கு நூலகரோ பொறுப்பாசிரியரோ கைப்பணம் கட்ட வேண்டியதில்லை என்று தெளிவாக ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். நூலகர் நியமனத்துக்கு நிதித்துறை ஒப்புதல் வேண்டும், காலம் பிடிக்கும், புரிகிறது. சுற்றறிக்கைக்கு ஒரு தாள் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
சீர்காழி.