விட்ட மீனையும் கணக்கில் சேருங்கள்

கடல் மீன்வளத்தை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும், பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு விதி வகுக்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஆழ்கடலில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களில் நானும் ஒருவன். விதிகளைத் தளர்த்தச் சொல்லி இதை எழுதவில்லை. இப்போதிருப்பதைவிடக் கடுமையான விதிகள் வந்தாலும் ஏற்றுக்கொள்வேன். என் குறை வேறு. ஒரு ஆளுக்கு எத்தனை மீன், எவ்வளவு நீளம், எந்த மாதம் என்று நீங்கள் வகுப்பதெல்லாம் பெரும்பாலும் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும் மீனைப் பற்றியே இருக்கிறது. பிடித்துத் திரும்பக் கடலில் விடப்பட்டு, அங்கேயே செத்துப்போகும் மீனை இந்த விதிகள் அநேகமாகப் பார்ப்பதே இல்லை. அதைப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பார்களை, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளை, அண்டி வாழும் சங்கரா, களவா போன்ற மீன்களின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறது. அதிலுள்ள காற்றை வாய்வழியே வெளியேற்ற அவற்றால் முடியாது. இரத்தத்தின் வழியாக மெல்ல மெல்லத்தான் குறைத்துக்கொள்ள முடியும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 40 மீட்டரில் உள்ள மீன், மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு அழுத்தத்தில் இருக்கிறது. அதைச் சில நிமிடங்களில் மேலே இழுத்துவிட்டால் பையிலுள்ள காற்று ஐந்து மடங்காக விரியப் பார்க்கிறது. கண்கள் பிதுங்குகின்றன, இரைப்பை வாய்க்கு வெளியே தள்ளப்படுகிறது, சில நேரம் பையே கிழிந்துபோகிறது. தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டதும் அந்த மீன் கீழே இறங்க முடியாமல் மல்லாந்து மிதக்கிறது. பறவைக்கோ சுறாவுக்கோ அது சுலபமான இரை. வாலை உதறிக்கொண்டு கீழே போன மீன்கூட உள்காயத்தால் சில நாட்களில் சாகலாம். படகில் இருப்பவருக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. நல்லபடியாகப் போய்விட்டது என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறார்.

குறைந்தபட்ச நீள விதி ஆழமற்ற நீரில் அருமையான விதி. குஞ்சு பொரிக்கும் வயதை எட்டாத மீன் பிழைத்துப் போகிறது. அதே விதியை 60 மீட்டர் ஆழப் பாருக்கும் அப்படியே பொருத்துவதுதான் எனக்குப் புரியாத காரியம். அங்கே அளவு போதாத மீனை விதிப்படி விடுகிறவர், சாகப்போகும் ஒன்றை மிதக்கவிட்டுவிட்டு, அளவான மீனுக்காக மறுபடி தூண்டிலை இறக்குகிறார். சட்டத்தை மதிக்கிற அளவுக்குச் சாவும் கூடுகிறது. ஆழப் பார்களுக்கு நீள வரம்பை எடுத்துவிட்டு, முதலில் ஏறும் இத்தனை மீனோடு தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும் என்று வையுங்கள். பெரியது கிடைத்ததும் பெட்டியிலிருக்கும் சிறியதை எடுத்துக் கடலில் எறியும் கெட்ட பழக்கம் எங்களிடையே இருக்கிறது. அதைத் தனிக் குற்றமாகவே எழுதுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில் நடப்பதைப் பாருங்கள். ரெட் ஸ்னாப்பர் என்ற சங்கரா வகை அளவுமீறிப் பிடிக்கப்பட்டதால் 2010-இல் அங்கே அதைப் பிடிக்கத் தடை வந்தது. பிறகு மீன் பெருகத் தொடங்கியது. ஆனாலும் மத்திய அரசின் கடற்பரப்பில் பொழுதுபோக்குக்காரர்களுக்கு 2024-இல் கிடைத்தது ஒரே ஒரு நாள். 2025-இல் இரண்டு நாட்கள். மீன் இல்லாததால் இப்படி ஆகவில்லை. ஆண்டு முழுவதும் அதே பார்களில் வேறு மீன்களுக்காகப் போடும் தூண்டிலில் இவையும் மாட்டுகின்றன. வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் விடப்படுகின்றன. அப்படி விடப்பட்டுச் சாகிறவையே, அனுமதிக்கப்பட்ட மொத்த இறப்பில் பெரும்பங்கை விழுங்கிவிடுகின்றன. பூட்டப்பட்டது பெட்டி மட்டும்தான், தூண்டில் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஒரு பாரில் பத்து வகை மீன் கலந்து வாழும்போது ஒரு வகைக்கு மட்டும் தடை போட்டால் விளைவு இதுதான். ஆழத்தையோ பரப்பையோ மொத்தமாகச் சில மாதம் மூடுவது எங்களுக்குக் கசக்கும். பெயரளவுத் தடையைவிட அந்தக் கசப்பே மேல் என்று என் கூட்டாளிகளிடமும் சொல்லி வருகிறேன். நாட்களைச் சுருக்குவதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது: ஆண்டுக்கு ஒரே நாள் என்றால், காற்றும் அலையும் மிரட்டினாலும் அன்றைக்கே போயாக வேண்டும் என்று சிறு படகுகளும் கிளம்பிவிடும்.

மீனைத் திரும்ப ஆழத்துக்கு இறக்கிவிடும் கருவி இருக்கிறது. கீழுதட்டைக் கவ்விப் பிடிக்கும் ஒரு கிடுக்கி, அதோடு கனமான ஈயக்குண்டு, அவ்வளவுதான். குறித்த அழுத்தத்தை அடைந்ததும் தானாகவே விட்டுவிடும் வகைகளும் உண்டு. கீழே போகப் போகக் காற்று மறுபடி சுருங்குகிறது, மீன் நீந்திப் போகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2017-இலேயே இதைப் படகில் கட்டாயமாக்கியது. அமெரிக்காவின் தென் அட்லாண்டிக் பகுதியில் 2020 ஜூலையிலும், மெக்சிகோ வளைகுடாவில் பார் மீன் பிடிக்கும் படகுகளுக்கு 2022 ஜனவரியிலும் இப்படி விதி வந்தது. அந்த வளைகுடாச் சட்டம் இந்தக் கருவிக்குப் பதிலாகக் காற்றை வெளியேற்றும் ஊசியையும் அனுமதித்தது. ஊசி எனக்கு உவப்பில்லாதது. குத்தும் இடம் தெரியாதவர் கையில் அது ஈரலையும் குடலையும் கிழிக்கும். வாய்க்கு வெளியே தள்ளி நிற்கும் இரைப்பையைக் காற்றுப்பை என்று நினைத்துக் குத்துகிறவர்களும் உண்டு. நீங்கள் விதி எழுதுவதானால் இறக்கும் கருவியையே எழுதுங்கள். அது அடுக்கறையின் அடியில் உறை பிரிக்காமல் கிடந்தால் பயனில்லை. தூண்டில் நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் குண்டு கட்டி, கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஆழம் கூடக் கூட, மேல்நீரின் சூடு கூடக் கூட, அந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாத மீன்கள் இருக்கும். ஆகவே அதைக் காட்டி எண்ணிக்கை வரம்பைத் தளர்த்திவிடாதீர்கள்.

முள்ளைப் பற்றியும் ஒரு சொல். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் பெரும்பாலும் தாடையின் ஓரத்தில் மாட்டுகிறது. வழக்கமான ஜே வடிவ முள்ளை மீன் இரையோடு விழுங்கிவிட்டால் அது தொண்டையிலோ குடலிலோ குத்தி நிற்கும். இயற்கை இரை போடும் இடங்களில் வட்ட முள்ளைக் கட்டாயமாக்கத் தயங்க வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் நடக்கும், ஈட்டிபோல நீண்ட மூக்குள்ள மார்லின், மயில் மீன் போட்டிகளில் இயற்கை இரைக்கு அது 2008 முதல் கட்டாயமாக இருக்கிறது.

மார்லின் பெயரை எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அட்லாண்டிக் சூரை மீன்களைப் பாதுகாக்கும் பன்னாட்டு ஆணையத்தின் முடிவுப்படி, அமெரிக்கப் பொழுதுபோக்குக்காரர்கள் ஆண்டுக்கு 250 நீல, வெள்ளை மார்லின்களைத்தான் கரைக்குக் கொண்டுவரலாம். நல்ல கட்டுப்பாடு, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த 250, கரைக்கு வந்தவற்றின் எண்ணிக்கை மட்டுமே. நெடுநேரம் இழுத்துக் களைக்கவைத்து, படத்துக்காகப் படகுக்குள் தூக்கிக் கிடத்தி, பிறகு கடலில் தள்ளிவிட்ட மீன் அந்த எண்ணுக்குள் வராது. விட நினைக்கும் மீனை நீரைவிட்டு வெளியே எடுக்கவே கூடாது என்ற விதியைப் போட்டி நடத்துகிறவர்களுக்கு அனுமதி தரும்போதே நிபந்தனையாக வையுங்கள்.

இனி கணக்கெடுப்பு. வணிகப் படகுகள் ஏலக் கூடங்களிலும் இறங்குதுறைகளிலும் மீனை இறக்குகின்றன. எடை பார்க்க ஓர் இடம் இருக்கிறது. நாங்கள் எண்ணற்ற சிறு துறைகளிலிருந்து போகிறோம், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கிறோம். ஆகவே எங்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்கும் விதமும் சாதாரணக் காரியமல்ல. எத்தனை முறை கடலுக்குப் போனீர்கள் என்று அஞ்சலில் கேட்கும் அமெரிக்கக் கணக்கெடுப்பில், கேள்விகளின் வரிசையை மாற்றிச் சோதித்தபோது, புதிய மதிப்பீடு பழையதைவிடப் பொதுவாக 30 முதல் 40 சதவீதம் வரை குறைவாக வந்தது என்று 2023-இல் வெளியான முன்னோட்ட ஆய்வு காட்டியது. கடலுக்குப் போனதே இப்படிப் பிசகுமானால், விட்ட மீனின் எண்ணிக்கையை நினைவிலிருந்து சொல்வது எவ்வளவு பிசகும்! பெட்டியில் இருப்பதைத் துறையில் ஒருவர் எண்ணிப் பார்க்கலாம், விட்டதை எண்ண அங்கே எதுவும் இருக்காது. அன்றன்றே, கரை சேர்வதற்கு முன்பே, இனம், எண்ணிக்கை, பிடித்த ஆழம், எப்படி விடப்பட்டது என்ற நான்கையும் பதிந்தால்தான் உருப்படியான கணக்கு கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியம் குறிப்பிட்ட சில இனங்களுக்குப் பொழுதுபோக்குப் பிடிப்பைப் பதிவதை 2026 ஜனவரியிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. ஆழ்கடலில் தூண்டில் போடுவோருக்கென்று தனி உரிமமும் வேண்டும். யார் போகிறார்கள் என்ற பட்டியல் இல்லாமல் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

நாங்கள் பிடிப்பது கொஞ்சம், பெரிய வலைகளைப் பாருங்கள் என்று எங்களவர்கள் சொல்லக்கூடும். வலைகளையும் பாருங்கள். மெதுவாக வளரும் களவா போன்ற இனங்களில் எங்கள் கொஞ்சமும் சேர்ந்து பெரிதாகிறது. மீனை நம்பிப் பிழைப்பவர் விதிக்குக் கட்டுப்படும்போது, பொழுதுபோக்குக்குப் போகிற எங்களுக்கு விலக்குக் கேட்க உரிமையில்லை.

அடுத்த பருவத்துக்கான வரைவு விதிகளை வெளியிடும்போது ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே இரண்டு எண்களை அச்சிடுங்கள்: கரைக்கு வந்தவை எத்தனை, விடப்பட்டுச் செத்தவை எத்தனை என்று மதிப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டாவது எண் எப்படிக் கிடைத்தது என்பதையும் எங்களுக்குப் புரியும்படி ஒரு பத்தியில் எழுதுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அந்த வரைவோடு நான் வருகிறேன். கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்க மீன்வளத் துறைக்கு ஆள் தேவைப்பட்டால், என் படகையும் என் ஞாயிற்றுக்கிழமைகளையும் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஆழ்கடலில் தூண்டில் போடும் ஒருவன்