சண்டைக் காட்சிகளையும் விமர்சியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் திரை விமர்சனங்களில் கதைக்கும் நடிப்புக்கும் பாடல்களுக்கும் பத்தி பத்தியாக இடம் கிடைக்கிறது. ஆனால், படத்தின் பெரும்பகுதியை அடிதடியே அடைத்துக்கொண்டிருந்தாலும், சண்டைக் காட்சிகளைப் பற்றிய கருத்து 'அனல் பறக்கிறது' என்ற அளவோடு முடிந்துவிடுகிறது. கேமரா எங்கே நின்றது, ஒரு ஷாட் எவ்வளவு நேரம் நீடித்தது, யார் யாரை அடித்தார் என்பது பார்வையாளருக்குப் புரிந்ததா என்பவற்றையும் விமர்சகர்கள் எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கேமராவைக் கையில் பிடித்து உலுக்கியபடி எடுத்து, நொடிக்கொரு முறை வெட்டி ஒட்டும் பாணி, பால் கிரீன்கிராஸ் இயக்கிய 'தி பார்ன் சுப்ரீமசி' (2004), 'தி பார்ன் அல்டிமேட்டம்' (2007) ஆகிய படங்களுக்குப் பின் உலகெங்கும் பரவியது. துரத்தப்படும் ஒருவனின் பதற்றத்தைச் சொல்ல அந்த நடுக்கம் அங்கே தேவைப்பட்டது. பின்னதற்குப் படத்தொகுப்புக்கான ஆஸ்கர் விருதும் கிடைத்தது. நம்மவர்களில் பலர் காரணத்தை விட்டுவிட்டு உலுக்கலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஓங்கிய கை ஒரு ஷாட்டிலும், விழுந்த ஆள் வேறொரு ஷாட்டிலும் இருக்க, இடையில் நடந்ததைப் பின்னணி இசைதான் சொல்கிறது. நாயகருக்குச் சண்டை வராது என்பதை மறைக்க இது நல்ல வழி என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜாக்கி சானின் ஹாங்காங் படங்களில் கேமரா சற்றுத் தள்ளி நிற்கும். அடிப்பவரும் அடிபடுபவரும் தலை முதல் கால் வரை ஒரே சட்டகத்துக்குள் தெரிவார்கள். இதைச் சொல்வதால் வேகமான வெட்டுகளே குற்றம் என்று நான் வாதிடவில்லை. ஜார்ஜ் மில்லரின் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' (2015) படத்தில் வெட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆயினும், முக்கியமான அசைவு எதுவானாலும் திரையின் நடுவிலேயே இருக்கும்படி அவர் படமாக்கியதால், ஷாட் மாறும்போதெல்லாம் நம் கண் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. கதை முழுவதும் இரவில் நடக்கும் நம் 'கைதி' (2019) படத்திலும், அவ்வளவு இருட்டுக்கு நடுவே யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்ற குழப்பம் எனக்கு ஏற்படவில்லை.

இதில் டூப் கலைஞர்களின் உழைப்பும் அடங்கியிருக்கிறது. எலும்பைப் பணயம் வைத்து ஒருவர் மாடியிலிருந்து விழுந்ததைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டால், அவர் விழுந்ததற்கே பொருளில்லாமல் போகிறது. தேசிய விருதுகளில் சண்டை அமைப்புக்கெனத் தனி விருது 2017-இல்தான் முதன்முதலாக அறிவிக்கப்பட்டது. ஆஸ்கரிலோ 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்துதான் அது தொடங்கவிருக்கிறது.

முதற்கட்டமாக, விமர்சனத்தின் தலைப்பகுதியில் நடிகர்கள், இயக்குநர், இசையமைப்பாளர் பெயர்களோடு ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், சண்டைப் பயிற்சியாளர் ஆகியோரின் பெயர்களையும் தவறாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அசோக் நகர், சென்னை - 83.