கத்திரி வெயிலில் டிஸ்க் கோல்ஃப்: எட்டு மணிக்குத் தொடங்கினால் தாமதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை விளையாட்டு முகாம்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில் டிஸ்க் கோல்ஃபுக்கும் இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. பிளாஸ்டிக் தட்டை எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, கம்பத்தில் மாட்டிய சங்கிலிக் கூடையில் குறைந்த எறிகளில் போடும் ஆட்டம் இது. ஆனால் ஓட்டம் இல்லாத, நடந்தே ஆடும் ஆட்டம் என்பதால் மே மாதத்தில் காலை 8 முதல் 11 வரை பிள்ளைகள் தாராளமாக ஆடலாம் என்று அதில் இருப்பது சரியல்ல. இந்த ஆட்டத்தில் ஆளைச் சாய்ப்பது நடை அல்ல, நிற்பது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மரமில்லாத திறந்த வெளியில் 18 கூடைகள், ஒவ்வொன்றும் சராசரியாக 120 மீட்டர் தொலைவு என்றால் நேர்கோட்டில் 2 கிலோமீட்டர் சொச்சம்தான். தட்டு விழுந்த பக்கமெல்லாம் கோணிக்கோணிப் போய், ஒரு கூடையிலிருந்து அடுத்த எறியும் இடத்துக்கும் நடந்தால் நாலு, நாலரை கிலோமீட்டர் ஆகும். அது ஒரு மணி நேர நடை. ஆனால் நாலு பேர் சேர்ந்து ஆடினால் முடிய இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகிறது. மீதி நேரம் முழுக்க அடுத்தவர் எறியும்வரை காத்திருப்பதிலும், முன்னால் போகும் குழு நகரக் காத்திருப்பதிலும், தட்டைத் தேடுவதிலும் போகிறது. அத்தனையும் மொட்டை வெயிலில்.

ஆகவே முதல் தட்டு 5.45-க்கே பறந்துவிட வேண்டும். மே மாதத்தில் அப்போது வெளிச்சம் வந்துவிடும். குழுவுக்கு மூன்று பேர் போதும். எல்லாக் குழுக்களும் முதல் கூடையிலேயே வரிசை கட்டாமல், குழுவுக்கொரு கூடையில் ஒரே நேரத்தில் தொடங்கினால் காத்திருப்பு குறையும். காணாமல் போன தட்டை மூன்று நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது என்பது விதி. சென்னை மைதானங்களில் அந்த விதியை வெயிலுக்காகவே கடைப்பிடிக்கலாம். காய்ந்த புல்லில் மஞ்சள், பழுப்புத் தட்டுகள் கண்ணுக்கே தெரியாது. ரோஸ் அல்லது நீலம் வாங்குங்கள். கருவேல முள்ளும் நெருஞ்சியும் உள்ள நிலத்தில் செருப்போடு தேடப் போகாதீர்கள். இரண்டு பேருக்கு ஒரு குடை இருக்கட்டும். எறிபவர் எறியட்டும், மற்றவர் குடைக்குள் நிற்கட்டும். வேடிக்கையாகத் தெரிந்தால் தெரியட்டும்.

பையின் கனத்தையும் பாருங்கள். இருபது தட்டுகள் தூக்கினால் மூன்றரைக் கிலோ. திறந்த வெளிக்கு ஏழு போதும், ஒன்றேகால் கிலோதான்: தொலைவுக்கு எறிய மூன்று டிரைவர், நடுத்தரத் தொலைவுக்கு இரண்டு மிட்ரேஞ்ச், இரண்டு பட்டர். (வெண்ணெய் அல்ல, கூடைக்கு அருகிலிருந்து போடும் தட்டு. ஆனால் மலிவான பிளாஸ்டிக்கில் வாங்கியதை ஸ்கூட்டர் டிக்கியில் வெயிலில் விட்டால் வெண்ணெய் மாதிரியே குழைந்துவிடும்.) வளைந்த தட்டைத் தூக்கிப் போட வேண்டாம். கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் இரண்டு நிமிடம் முக்கி, சமமான தரையில் வைத்து, மேலே கனமான புத்தகம் இரண்டை ஏற்றி, ஆறும்வரை விட்டால் பெரும்பாலும் நேராகிவிடும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியலில் காற்று அடங்கியிருக்கும், அல்லது மேற்கிலிருந்து லேசாக வீசும். நண்பகலைத் தாண்டித்தான் கடற்காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று வலுத்த நாளில் அதுவும் தாமதமாகும், அன்றுதான் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே இழுத்து எறியும் தட்டு, வேகம் குறைந்ததும் இடப்பக்கம் சாயும். எதிர்க்காற்றில் அதே தட்டு மேலெழும்பி வலப்பக்கம் புரண்டுவிடும். அதற்கு 173, 175 கிராமில் புரளாத வகைத் தட்டைத் தாழ்வாக எறிய வேண்டும். பின்காற்றோ தட்டை அமுக்கிச் சீக்கிரம் இறக்கிவிடும். 160 கிராம் வாக்கில் ஒன்றைச் சற்று உயர்த்தி விடுங்கள். சூட்டில் காற்றின் அடர்த்தி குறைவதால் தூக்கும் விசையும் கொஞ்சம் குறையும், ஆனால் மரமில்லா வெளியில் காற்றின் திசைதான் முதல் எதிரி.

வியர்த்த கைக்கு முகப் பவுடர், கேரம் பவுடர் எல்லாம் பூசுகிறார்கள். இரண்டுமே வழுக்கும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் பயன்படுத்தும் மெக்னீசியம் கார்பனேட் பொடிதான் பிடிப்புத் தரும். ஈரத் துண்டு ஒன்று கழுத்துக்கு, காய்ந்த துண்டு ஒன்று தட்டுக்கு. இரண்டையும் மாற்றிவிட்டால் அடுத்த எறி நழுவிப் போகும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால் உடம்பு குளிராது, உப்பு மட்டும் போய்விடும். எனவே வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவது முகாம்களில் வழக்கமாக நடக்கும் தவறு. உப்பும் சர்க்கரையும் இரு மடங்காகி வயிற்றைப் புரட்டும். அதைவிட மோர் நல்லது: 200 மில்லி தயிர், 800 மில்லி தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கூடவே உப்பிட்ட மாங்காய் இரண்டு துண்டு கடித்துக்கொள்ளலாம். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இரண்டு கூடைக்கு ஒருமுறை ஒரு டம்ளர் குடிக்க வேண்டும்.

நன்றாக எறிந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று தடுமாறினாலோ, எத்தனையாவது கூடை என்று கேட்டால் உளறினாலோ ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் பனிக்கட்டி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

எட்டரைக்கு மேல் வேப்பமர நிழலில் ஒரே ஒரு கூடையை நட்டு, ஏழு மீட்டரிலிருந்து பட்டர் போடப் பழக்கலாம். முகாம் நடத்துவோர் விளம்பரத்தில் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கும் நேரம், முடியும் நேரம், தண்ணீர்ப் பானை எந்தெந்தக் கூடை அருகே இருக்கும் என்ற மூன்றையும் அச்சிடட்டும். பெற்றோர் அதைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டட்டும்.

இப்படிக்கு,
டிஸ்க் கோல்ஃப் ஆடுவோர் சிலர்,
திருவான்மியூர், சென்னை