கூறை

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று மே 18. முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சியிருப்பீர்கள். நான் வரவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

நாம் பார்த்த அந்தப் போர்ப் படம் குப்பைதான், ஒத்துக்கொள்கிறேன். 2009 ஜனவரி 2-இல் கிளிநொச்சி விழுந்ததிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நாலரை மாதம். படத்தில் அது ஓர் இரவு. பாதுகாப்பு வலயத்தை ஜனவரி, பெப்ரவரி, மே என்று மூன்று தடவை மாற்றி வரைந்தார்கள். நாயகனோ ஒரே வரைபடத்தோடு நந்திக்கடலைத் தாண்டுகிறான். சனம் அவனுக்குப் பின்னால் ஓடுகிற கூட்டம், அவ்வளவுதான். வில்லன் யார் என்பதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள், இதை யாரும் வாசிக்கலாம்.

பங்கர் காட்சியில் என் கையைப் பிடித்தீர்கள். "மூட்டை எல்லாம் ஒரே நிறம்" என்றீர்கள். எனக்கு விளங்கவில்லை. "படம்தானே அக்கா" என்றேன்.

அப்புறம் இருட்டில் மெதுவாகச் சொன்னீர்கள். சாக்கு முடிந்ததும் சீலைகளைக் கிழித்து மண்மூட்டை தைத்தீர்களாம். மாத்தளனில் உங்கள் பங்கர் வாசலில் பச்சை, ஊதா, பூப்போட்டது என்று மூட்டைகள். மேல்வரிசையில் உங்கள் கூறை. வெயிலில் சரிகை மின்னினால் மேலே சுற்றுகிற வண்டுக்கு, அந்த வேவு விமானத்துக்கு, தெரிந்துவிடும் என்று கரையை உள்ளே திருப்பி அடுக்கினீர்களாம்.

சொல்லிவிட்டு எழுந்து போனீர்கள். நான் போகவில்லை. கடைசிவரை இருந்து பார்த்தேன். மன்னியுங்கள்.

ஆனால் அக்கா, இத்தனை வருடத்தில் நீங்கள் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். கேட்டால் "உனக்கென்ன தெரியும்" என்பீர்கள். தெரியாதுதான். 2009 மே 10 இரவு ரொறன்ரோவில் கார்டினர் நெடுஞ்சாலையை மறித்த சனத்தோடு நானும் நின்றேன். கையில் போன், நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்று தெரிந்தும். அதை ஒருநாளாவது கேட்டீர்களா? நீங்கள் வாய் திறக்காததால்தான் ஒரு குப்பைப் படத்திடம் போய்க் கேட்டேன். உங்களையும் இழுத்துக்கொண்டு போனது பிழை. அது பிழைதான்.

வெளியே வந்தபோது காரில் சால்வையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தீர்கள். வீடு வரை ஒன்றும் பேசவில்லை.

உங்கள் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அல்பமும் அங்கேயே போய்விட்டது. அந்தக் கூறை என்ன நிறம், அக்கா?

நாளை வருகிறேன். கஞ்சி மிச்சம் இருந்தால் வையுங்கள்.

தம்பி