மதீனாவிலிருந்து உம்மாவுக்கு

மதீனா,
ரமளான் மாதம்.

அன்புள்ள உம்மாவுக்கும் வாப்பாவுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

உம்ராவுக்கு வந்த மாமா மகனிடம் நீங்கள் கொடுத்துவிட்ட கடிதமும் தம்மடைப் பலகாரமும் கிடைத்தன. தம்மடையை அறையில் எல்லோருக்கும் பங்கு வைத்தேன். பக்கத்துக் கட்டில் சூடானியப் பெரியவர் இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விடியுமுன் சஹர் சாப்பிடும் நேரத்தில்தான் கொஞ்சம் உறைக்கிறது. கம்பளி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை.

நோன்பு திறப்பது நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலான ஹரமில்தான். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பக்கம் போனால் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்வார்கள், "எங்கள் சுஃப்ராவுக்கு வாருங்கள்" என்று. சுஃப்ரா என்றால் சாப்பாட்டு விரிப்பு. நீள விரிப்பில் ஆளாளுக்குத் தயிர், ரொட்டி, பேரீச்சம்பழம், ஸம்ஸம் தண்ணீர். தயிரில் துக்கா என்று ஒரு பொடியைத் தூவித் தருகிறார்கள், சீரக வாசம் தூக்கும். ரொட்டியைப் பிய்த்து அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். தொழுகை தொடங்க இகாமத் சொல்வதற்குள் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள், தொழுகிற இடத்தில் ஒரு பருக்கை கிடக்காது.

நான் உட்காரும் சுஃப்ரா ஒரு மதீனாப் பெரியவருடையது. அவர் கூப்பிட்டு வந்த ஆளை அடுத்த சுஃப்ராக்காரர் மகன் மறித்து அழைத்துப் போய்விட்டால் அவர் முகம் வாடிவிடும். கொடுக்கிறவர்தான் இங்கே கெஞ்சுகிறார், உம்மா. நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுத்தவருக்கும் அதே நன்மை உண்டு, நோன்பாளிக்கு அதில் எதுவும் குறையாது என்ற ஹதீஸை இவர்கள் கையால் செய்து காட்டுகிறார்கள். மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து நபி (ஸல்) அவர்கள் இந்த ஊருக்குள் வந்தபோது, இங்கே யூத அறிஞராக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) காதில் முதலில் விழுந்த பேச்சே, ஸலாமைப் பரப்புங்கள், உணவளியுங்கள் என்பதுதானே.

இவ்வளவு இருந்தும் பாங்கு சொன்னதும் எனக்கு நம்ம பள்ளிக் கஞ்சி ஞாபகம்தான் வருகிறது. தூக்குவாளியோடு வரிசையில் நின்றது, வீட்டுக்கு வரும் வழியில் சூடு காலில் சிந்தியது, நீங்கள் வாடாப் பலகாரம் பொரித்துக்கொண்டே திட்டியது. சில நாள் பேரீச்சம்பழம் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. அது போகட்டும்.

வாய்க்கால் தகராறில் தெற்கு வீட்டு ஆச்சிக்குக் கஞ்சி அனுப்புவதை வாப்பா நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. ராத்தாவுக்குப் பிரசவ வலி எடுத்த ராத்திரி ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தது ஆச்சி மகன் அல்லவா? தம் வீட்டில் ஆடு அறுத்தபோது நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி), "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதைச் சின்ன வயதில் எனக்குச் சொல்லித் தந்ததே வாப்பாதான். இரண்டு அண்டை வீட்டாரில் யாருக்குக் கொடுப்பது என்று ஆயிஷா நாயகி (ரலி) கேட்டதற்கு, யார் வாசல் அருகில் இருக்கிறதோ அவருக்கு என்றார்கள் நபி (ஸல்). நமக்கு ஆச்சி வாசலைவிடப் பக்கமாக வேறு எந்த வாசல் இருக்கிறது? வாய்க்கால் விஷயத்தை நகராட்சியில் பேசிக்கொள்ளலாம். கஞ்சியைத் தங்கச்சி கையில் நாளைக்கே கொடுத்தனுப்புங்கள். நான் கேட்டுக்கொண்டதாக வாப்பாவிடம் சொல்லுங்கள்.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும். சம்பளம் பிந்துகிறது, வேறொன்றுமில்லை. வந்ததும் ஏழைகளுக்கான ஃபித்ராவை முதலில் எடுத்து வைத்துவிட்டு, ராத்தா பிள்ளைகளுக்குத் துணி எடுங்கள். தங்கச்சி சம்பந்தம் பற்றி மாமா என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே. பெருநாளுக்கு முன்னால் முடிவு சொல்லச் சொல்லுங்கள், மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு நாள்தான் காத்திருப்பார்கள்?

உங்கள் மகன்