மேற்கோள் எண்ணிக்கையும் துறை வேறுபாடும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆய்வாளரின் தகுதியை எச்-குறியீடு ஒன்றைக் கொண்டே அளக்கும் வழக்கம் கவலையளிக்கிறது. இது, ஒருவரின் கட்டுரைகளைப் பிற ஆய்வுகள் எடுத்துக்காட்டும் மேற்கோள்களின் அடிப்படையிலான எண்: குறைந்தது பத்து மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் பத்து இருந்து, பதினொன்று மேற்கோள்கள் பெற்றவை பதினொன்று இல்லையெனில், அவரது குறியீடு பத்து. 2005-இல் அதை முன்மொழிந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் தாமே, உயிரியல் துறையினரின் குறியீடு இயற்பியலாளர்களுடையதைவிட உயர்ந்திருப்பதைச் சுட்டியிருந்தார். அப்படியிருக்க, மேற்கோள்கள் குறைவாகவும் தாமதமாகவும் சேரும் கணிதத்தையோ, நூல்களையே பெரிதும் சார்ந்த வரலாற்றையோ மருத்துவத்தோடு ஒரே அளவுகோலில் நிறுத்துவது நியாயமன்று.

கூட்டாய்வைக் கணக்கிடுவது இன்னும் சிக்கலானது. ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வெளியான ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள்; அதற்குக் கிடைக்கும் ஒவ்வொரு மேற்கோளும், தனியாக எழுதியவருக்குச் சேர்வதைப் போலவே, அத்தனை பேரின் கணக்கிலும் முழுதாகச் சேர்கிறது. மேற்கோள்களை ஆசிரியர்களின் எண்ணிக்கைக்கேற்பப் பகிர்ந்து, துறையின் சராசரியோடு ஒப்பிடும் முறைகள் ஏற்கெனவே உள்ளன. நியமனக் குழுக்கள் அவற்றைக் கையாள்வதோடு, விண்ணப்பதாரரின் முக்கியமான சில கட்டுரைகளையாவது முழுமையாகப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்