எரிவதெல்லாம் மீன் சுட ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டுக் கொல்லையில் மீன் சுடுவது பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "பெல்லட் எதுவானாலும் எரிந்தால் போதும்; ருசி மசாலாவில்தான் இருக்கிறது." பெல்லட் என்பது மரத்தூள் போன்றதை அழுத்திச் செய்த சிறு எரிகட்டை; அதை எரித்துச் சுடும் மின்சார அடுப்புதான் பெல்லட் கிரில். கீழக்கரை, மண்டபம், ராமேசுவரம் பக்கம் வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவர்கள் வீட்டிலும் கடலோர விடுதிகளிலும் இருக்கும் பெல்லட் கிரில்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அந்த வரி எவ்வளவு தவறு என்பதை அடைத்துக்கொண்ட அடுப்புகளைக் கழற்றும்போதெல்லாம் பார்க்கிறேன்.

தாங்கள் அறியாததல்ல. இந்த அடுப்பில் தொட்டியில் கொட்டிய பெல்லட்டைத் திருகுத்தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தீக்கிண்ணத்துக்குத் தள்ளும், சூட்டுக்கம்பி பற்றவைக்கும், விசிறி காற்றுக் கொடுக்கும். தீயும் மீனும் ஒரே பெட்டிக்குள். பெல்லட்டில் என்ன கலந்திருக்கிறதோ அதுதான் புகையாகி மீனில் ஏறும்.

நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது ஆலை பாய்லருக்கான பெல்லட். கடலைத்தோல், உமி, மரப்பட்டறைத் தூள் என்று கையில் கிடைத்ததை அழுத்தியது. ப்ளைவுட் தூள் என்றால் அதில் யூரியா ஃபார்மால்டிஹைடு போன்ற ரசாயனப் பசை இருக்கும். பாலிஷும் கரையான் மருந்தும் ஏறிய பழைய பலகையும் அதில் அரைபட்டிருக்கலாம். பாய்லரில் அந்தப் புகை புகைபோக்கியோடு போய்விடும். இங்கே பிள்ளைகள் தின்னும் மீனில் படிகிறது.

சாம்பல் கணக்கையும் சொல்ல வேண்டும். பட்டை நீக்கிய நல்ல மரப் பெல்லட்டில் சாம்பல் 1 விழுக்காட்டுக்கும் கீழே. உமியில் 15 முதல் 20 விழுக்காடு. கிண்ணத்தின் துளைகள் சாம்பலில் அடைத்தால் தீ அணைந்துவிடும், தண்டோ தள்ளிக்கொண்டே இருக்கும். கிண்ணம் நிரம்பி வெள்ளைப் புகை திரளும். அந்த நேரத்தில் மறுபடி சுவிட்சைப் போட்டால் புகை மொத்தமாகப் பற்றி மூடியையே தூக்கிவிடும். பிளக்கைப் பிடுங்கி, விலகி நின்று, முழுக்க ஆறிய பிறகு தட்டுகளைக் கழற்றிக் கிண்ணத்தை வழித்துக் காலி செய்துவிட்டுத்தான் திரும்ப மூட்ட வேண்டும். முழுப் பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இடமில்லாமல் போனது வருத்தம் தருகிறது.

இது முதல் தடவையும் அல்ல. அமெரிக்காவில் வாங்கிய அடுப்புக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினால் எல்லாம் சரி என்று முன்பு எழுதினீர்கள். 230 வோல்ட்டை 120 ஆக்கலாம். நம் மின்சாரத்தின் அதிர்வெண்ணான 50 ஹெர்ட்ஸை அது அமெரிக்காவின் 60 ஆக்காது. ஏ.சி. மோட்டார் வைத்த பழைய மாடல்களில் தண்டின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடு சரியாக ஏறாது. அப்போதே கடிதம் போட்டேன், வரவில்லை.

அதற்கும் முன்னால், சீமைக்கருவேல் புகை பட்ட பண்டமே விஷம் என்று ஒரு பெட்டிச் செய்தி. டெக்சாஸில் இறைச்சி சுடப் பேர்போன மெஸ்கீட்டும் நம் சீமைக்கருவேலும் நெருங்கிய உறவு மரங்கள். கமுதியிலும் முதுகுளத்தூரிலும் மூட்டம் போட்டு எடுக்கும் கரி இந்த மரத்துடையதுதான். நிலத்தடி நீருக்காக அதைத் திட்டுங்கள், நியாயம். கரிமூட்டத்தை நம்பிப் பிழைக்கிறவர்களின் பண்டத்துக்கு ஆதாரமில்லாமல் விஷம் என்று பேர் வைப்பது நியாயமில்லை.

மெஸ்கீட் புகை காரமானது, நேரம் கூடினால் கசக்கும். விளைமீனுக்கு ஆல்டர், ஆப்பிள் போன்ற மென்மையான புகை தரும் மரம் பொருந்தும். சூரைக்கு மெஸ்கீட் தாங்கும், அதிலும் மூன்று பங்கு ஓக்கோடு ஒரு பங்கு போதும். பையின் முன்பக்கம் ஆப்பிள் என்று போட்டிருந்தாலும் உள்ளே பெரும்பகுதி ஓக்காகவோ ஆல்டராகவோ இருக்கக்கூடும். பின்பக்கத்தைப் படித்து வாங்க வேண்டும். புகை பிடிப்பது 80 முதல் 110 டிகிரி செல்சியஸில். 175ஐத் தாண்டினால் எந்த மரம் போட்டாலும் வாசம் பெரிதாகத் தெரியாது. மீனின் நடுப்பகுதி 63 டிகிரி வந்ததும் எடுத்துவிடலாம். சீமைக்கருவேல் வாசம் வேண்டுமென்றால் பட்டை சீவி நன்றாகக் காய்ந்த சிறாய் ஒரு கைப்பிடி, துளையிட்ட இரும்புப் பெட்டியில் போட்டுத் தட்டின் மேல் வைக்க வேண்டும். தொட்டிக்குள் சிறாயைப் போட்டால் தண்டு சிக்கி நின்றுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி நம் கடற்காற்று. நல்ல மரப் பெல்லட்டில் தனியாகப் பசை சேர்ப்பதில்லை. அழுத்தும் சூட்டில் மரத்தின் நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் இளகித்தான் அது ஒட்டி நிற்கிறது. ஈரம் குடித்தால் ஊதித் தூளாகி, தண்டுக்குள் சிமெண்டாய் இறுகும். ஐப்பசி, கார்த்திகையில் இரவு முழுக்கத் தொட்டியில் விட்டுவைக்கவே கூடாது. இறுக்கமான மூடியுள்ள டிரம்மில் வைத்து, கொட்டும் முன் சல்லடையில் தூளைச் சலித்துவிட வேண்டும். நல்ல பெல்லட் மேலே பளபளப்பாக இருக்கும், ஒடித்தால் படக்கென்று ஒடியும். தம்ளர் தண்ணீரில் போட்டால் சில நிமிடத்தில் வெறும் மரத்தூளாகப் பிரியும். பிரியாமல் கட்டியாகக் கிடந்தாலோ மேலே எண்ணெய்ப்படலம் மிதந்தாலோ அது மீனுக்கு வேண்டாம். இறுகிவிட்ட தண்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள்; மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் சிறு ஊசியைக் (பின்) கழற்றி, தண்டைப் பின்னோக்கித் திருகித்தான் எடுக்க முடியும்.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு இணைப்பில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், "பாய்லர் பெல்லட் உணவு அடுப்புக்கு ஆகாது, உணவுக்கு என்று பையில் அச்சிட்ட, கலப்பில்லாத மரப் பெல்லட்டையே வாங்கவும்" என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றாலும் அந்த இரண்டு வரிக்கு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.